மருத்துவமனைத் தன்னார்வலர்களை நடத்தப் போகிறீர்களா? முதல் ஆண்டில் எதை எந்த வரிசையில் கற்பது: முழுமையான வழிகாட்டி

"நாளையிலிருந்து வாலண்டியர்களையும் நீங்களே பார்த்துக்குங்க." எனக்குத் தெரிந்த ஒருங்கிணைப்பாளர்கள் பலருக்கும் இந்த வேலை இப்படி ஒரு வாக்கியத்தில்தான் வந்தது. ஒருவர் மக்கள் தொடர்பு (பி.ஆர்.ஓ.) மேசையில் இருந்தவர், ஒருவர் சீனியர் நர்ஸ், இன்னொருவர் எச்.ஆர். பிரிவில் இருந்தவர். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி உண்டு. அவர்களை நடத்துகிறவருக்கு யாரும் பயிற்சி தருவதில்லை.

கோவையிலும் ஈரோட்டிலுமாக இந்த வேலையில் ஒன்பது ஆண்டுகள் இருந்திருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். அவர்கள் தடுமாறுவதற்கு அறிவுக் குறைவு காரணமல்ல, வரிசைதான் தப்பிப் போகிறது. முதல் மாதமே சான்றிதழ் படிப்பு தேடுவார்கள், இல்லையென்றால் ஆள் சேர்க்கும் போஸ்டர் அடிப்பார்கள். இரண்டுமே கடைசியில் வர வேண்டியவை.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, எழுத்தில் ஓர் ஆணை. நீங்கள் யாருக்குக் கீழே, எந்தெந்த வார்டுக்கு ஆள் அனுப்பலாம், ஒரு தன்னார்வலரை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். வாய்மொழியாக இருந்தால், முதல் சிக்கல் வரும் நாளில் நர்சிங் சூப்பரின்டெண்ட் ஒன்று சொல்வார், நிர்வாக அலுவலர் வேறொன்று சொல்வார். நடுவில் நிற்பது நீங்கள்தான்.

இரண்டாவது, வாரம் 4 மணி நேரம். கற்பதற்கு மட்டும். புதன் மதியம் 2 முதல் 4, வெள்ளி மதியம் 2 முதல் 4 என்று டியூட்டி சார்ட்டிலேயே போட்டு வாங்கிவிடுங்கள். "நேரம் கிடைச்சா படிப்பேன்" என்றவர்களில் படித்தவரை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. முதல் ஊசி போட்டு 1 மாதத்தில் இரண்டாவது, 6 மாதத்தில் மூன்றாவது. முடிய அரை ஆண்டு ஆகும் என்பதால் இன்றே ஆரம்பியுங்கள். நாளைக்குத் தன்னார்வலர்களிடம் இதைக் கேட்கப் போகிறவர் நீங்கள். உங்கள் அட்டையில் மூன்று தேதியும் இருந்தால்தான் கேட்க வாய் வரும்.

நான்காவது, கோடு போட்ட ஒரு நோட்டு. கணினி வேண்டாம். வார்டில் நின்றபடி எழுத நோட்டுதான் தோது.

2. இரண்டு வாரம் நீங்களே தன்னார்வலராக நில்லுங்கள்

அடையாள அட்டையில் பதவியை மறைத்துக்கொண்டு, ஓ.பி. (புறநோயாளிப் பிரிவு) வாசலில் 5 நாள், மருந்தகப் பக்கம் 2 நாள், காப்பீட்டுத் திட்ட கவுண்ட்டரில் 2 நாள், உள்நோயாளி வார்டில் 3 நாள் நில்லுங்கள். திங்கட்கிழமை காலை ஓ.பி. கட்டாயம். அந்தியூர், சத்தியமங்கலம் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். மருத்துவமனையின் எந்த மூலை யாரைக் குழப்புகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

நோட்டில் மூன்று பத்தி: என்ன கேட்டார்கள், யார் பதில் சொன்னார், எவ்வளவு நேரம் ஆனது. "எக்ஸ்ரே எங்கீங்க எடுக்கறது?" என்பது ஒரு நாளில் நாற்பது தடவை வந்தால், அங்கே வேண்டியது ஒரு பெயர்ப்பலகை, ஆள் அல்ல. "சாப்பிட்டுட்டு வந்துட்டனுங்க, இப்ப ரத்தம் குடுக்கலாங்களா?" என்பது வேறு வகை. தன்னார்வலர் அதற்குப் பதில் சொல்லவே கூடாது, லேப் ஆளிடம் கூட்டிப் போக வேண்டும். இந்த இரண்டு வகையும் பிரிந்துவிட்டால் உங்கள் திட்டத்தில் பாதி எழுதி முடிந்தது.

இங்கே நடக்கும் தவறு, இந்த இரண்டு வாரத்தை இரண்டு மணி நேரச் சுற்றுப்பார்வையாகச் சுருக்கிக்கொள்வது. நர்ஸாக இருந்து வந்தவர்கள்தான் அதிகம் செய்வார்கள். "எனக்குத் தெரியாத வார்டாங்க?" என்பார்கள். நர்ஸாகத் தெரிந்த வார்டு வேறு, கழுத்தில் தன்னார்வலர் அட்டை மட்டும் போட்டுக்கொண்டு எதுவும் செய்ய அதிகாரமில்லாமல் நிற்கும்போது தெரிகிற வார்டு வேறு.

3. செய்யக் கூடாதவற்றை முதலில் எழுதுங்கள்

பணி விவரம் எழுதுவது ஒரு திறமை. எல்லோரும் செய்ய வேண்டியவற்றில் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

காரணம் எனக்கு நேர்ந்தது. நான் சேர்ந்த முதல் ஆண்டு, கோபிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தா அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தார். வாய் வறண்டு கிடக்கிறது என்று சொல்ல, எங்கள் தன்னார்வல அக்கா ஒருவர் பரிதாபப்பட்டு ஒரு டம்ளர் மோர் வாங்கிக் கொடுத்துவிட்டார். அறுவை சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. மருத்துவர் சத்தம் போட்டார், தாத்தாவின் மகன் அதைவிடச் சத்தம் போட்டார், அக்கா மறுநாளிலிருந்து வரவில்லை.

அந்த அக்கா செய்தது என்ன? வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கும் ஊர் இது. அவர் அந்தப் பழக்கத்தின்படி நடந்தார். "வாய்வழியே எதுவும் கூடாது" என்று படுக்கையில் தொங்கும் அட்டைக்கு அர்த்தம் சொல்லித்தராதது என் தவறு. மயக்க மருந்துக்கு முன் வெறும் தண்ணீருக்குப் பொதுவாக 2 மணி நேர இடைவெளி, லேசான உணவுக்கு 6 மணி நேரம். பால் காபி பார்க்கத் திரவம்தான், ஆனால் அந்தக் கணக்கில் சாப்பாட்டோடு சேரும். இந்த எண்களைத் தன்னார்வலர் மனப்பாடம் செய்ய வேண்டாம். "சிஸ்டரைக் கேட்காமல் சொட்டுத் தண்ணியும் கொடுக்காதீங்க" என்ற ஒரு வரி போதும். அந்த வரி ஏன் இருக்கிறது என்று சொல்ல உங்களுக்குத்தான் எண்கள் தெரிந்திருக்க வேண்டும். காரணம் சொல்லாத விதியை நம் ஆட்கள் மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள்.

இதே மாதிரி எழுத வேண்டியவை: நோயாளியைத் தனியாகப் படுக்கையிலிருந்து தூக்குவது, ஆக்சிஜன், டிரிப் எதையும் தொடுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ரிப்போர்ட் படித்து விளக்குவது, பணம் கைமாற்று கொடுப்பது. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மருந்துக்கு 500 ரூபாய் குறைகிறது என்று அழுதால் யாருக்கும் மனம் இளகும். ஒரு தடவை கொடுத்தால் அடுத்த வாரம் அதே தன்னார்வலரைத் தேடி நான்கு பேர் வருவார்கள். மருத்துவமனையின் சமூகப்பணியாளரிடம் அனுப்பும் வழியைக் கையோடு எழுதிக் கொடுங்கள்.

எழுதியதை நர்சிங் சூப்பரின்டெண்டிடமும் ஒரு வார்டு சிஸ்டரிடமும் காட்டித் திருத்தி வாங்குங்கள். கையெழுத்துக்காகக் காட்டினால் படிக்காமல் போட்டுவிடுவார்கள். "இதுல எது உங்க வார்டுக்குச் சரிவராதுங்க சிஸ்டர்?" என்று கேட்டால் படிப்பார்கள்.

4. தொற்றுக் கட்டுப்பாட்டை நர்ஸிடம் போய்ச் செய்து பழகுங்கள்

தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம் இரண்டு மதியம் கேளுங்கள். படம் போட்டு விளக்கும் வகுப்பு வேண்டாம், செய்து காட்டச் சொல்லுங்கள்.

கையில் தேய்க்கும் சானிடைசர் என்றால் 20 முதல் 30 வினாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்த வேலையும் 40 முதல் 60 வினாடி. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்புதான். கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள், நாம் வழக்கமாகக் கழுவுவது பத்து வினாடியைத் தாண்டாது.

2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறம். கட்டுத் துணி மஞ்சளில், பிளாஸ்டிக் குழாய் சிவப்பில், ஊசி வெள்ளையில், கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்தில். தன்னார்வலர் எதையும் எடுத்துப் போட வேண்டாம். ஆனால் டீ கப்பை மஞ்சள் பக்கெட்டில் போடாமலிருக்கவாவது தெரிய வேண்டும். மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். அமைப்பிலிருந்து ஆய்வுக்கு வருபவர்கள் தன்னார்வலரையும் நிறுத்திக் கேட்கலாம். கோட் புளூ, கோட் ரெட் என்று நிறப் பெயரில் அவசரநிலையை அறிவித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். உங்கள் மருத்துவமனையில் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம், அப்போது தன்னார்வலர் எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

5. சட்டம் கொஞ்சம், ரகசியம் நிறைய

சட்டப் புத்தகம் முழுக்க வேண்டாம். மூன்று இடம் தெளிவாகத் தெரிந்தால் முதல் ஆண்டு ஓடும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் ஊழியர் என்பதற்கான விளக்கத்திலேயே, சம்பளமில்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரும் வருகிறார். அதாவது உங்கள் தன்னார்வலப் பெண் ஒருவருக்குச் சிக்கல் வந்தால், மருத்துவமனையின் உள் புகார்க் குழுவிடம் போகலாம். பொதுவாக 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற தாளைத் தன்னார்வலர் அறையில் ஒட்டுங்கள். "அவங்க ஸ்டாஃப் இல்லையே" என்று யாராவது சொன்னால் சட்டத்தைக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தைகள் வார்டுக்கு ஆள் அனுப்பினால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012. 18 வயதுக்குட்பட்டவர் மீது அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால், தெரிந்தவர் யாராயிருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஒரு குழந்தை தன்னார்வலரிடம் எதையாவது சொல்லிவிட்டால் அவர் உடனே உங்களிடம் வர வேண்டும். நீங்கள் மருத்துவமனைக்குள் யாரிடம் போக வேண்டும் என்பதை அன்றைக்குத் தேடக் கூடாது.

மூன்றாவது ரகசியம். எச்.ஐ.வி. நிலையை ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் நம் பக்கத்தில் ரகசியம் உடைவது கணினி வழியாக அல்ல, ஒறம்பரை வழியாக, அதாவது சொந்தபந்தம் வழியாக.

நம்பியூர்க்காரர் ஒருவர் வார்டில் படுத்திருப்பார். தன்னார்வலரின் கொழுந்தியாள் ஊரும் நம்பியூராக இருக்கும். சாயங்காலம் போனில் "உங்கூரு ஆளு ஒருத்தரப் பாத்தனுங்க" என்று நல்ல மனதோடுதான் சொல்வார். மறுநாள் காலை ஊரிலிருந்து இருபது பேர் பழப் பையோடு வந்து நிற்பார்கள். வீட்டில் மருமகளுக்கே சொல்லாமல் வந்தவர் அந்த நோயாளி.

இதற்கு "ரகசியம் காக்கவும்" என்று உறுதிமொழித் தாளில் எழுதி வாங்கினால் பயனில்லை. வாயில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தைக் கொடுங்கள்: "அங்க பார்த்தத வெளிய சொல்றதில்லைங்க, எங்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு." பயிற்சி நாளில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் நச்சரிக்கும் சொந்தக்காரராக, மற்றவர் இந்த வாக்கியத்தை மட்டும் சொல்பவராகப் பேசிப் பழகச் செய்யுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. தெரிந்தவர் வார்டில் இருந்தால் "வேற வார்டு மாத்திக் குடுங்க" என்று கேட்கலாம், ஏன் என்று கேட்கப்படாது என்பதையும் விதியாக வையுங்கள்.

வாட்ஸ்அப் குழு தனித் தலைவலி. ரத்தம் தேவை என்ற செய்தியில் நோயாளி பெயர், நோய், படுக்கை எண், மகளின் கைபேசி எண் எல்லாம் போட்டு அனுப்புவார்கள். நோயாளி குணமாகி வீடு போன பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ரத்த வகை, ரத்த வங்கியின் எண், எந்தத் தேதி வரை, அவ்வளவு போதும். தேதி இல்லாத செய்தியைக் குழுவில் அனுமதிக்காதீர்கள்.

6. உங்களைவிட மூத்தவரைத் திருத்தப் பழகுங்கள்

இந்த வேலையிலேயே கடினமான பகுதி இதுதான். எந்தப் படிப்பிலும் இது சரியாகக் கிடைப்பதில்லை. உங்களுக்கு வயது 28 இருக்கும். எதிரில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அல்லது மில் நடத்திய குடும்பத்து அம்மா. சம்பளமில்லாமல் வருகிறவர். அவர் செய்வது தவறு என்று சொல்ல வேண்டும்.

புதியவர்கள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். எதுவும் சொல்லாமல் மனதுக்குள் புழுங்கி, கடைசியில் டியூட்டி சார்ட்டில் பெயரை எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சுற்றறிக்கை போடுவார்கள். சம்பந்தப்பட்டவர் அது தனக்கல்ல என்று நினைத்துக்கொள்வார். சம்பந்தமில்லாத பத்துப் பேர் முகம் வாடுவார்கள்.

அன்றைக்கே, தனியாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரு மாதிரி:

"ஐயா, ஒரு நிமிசம் உக்காரலாங்களா? காலைல மூணாவது பெட் அம்மாகிட்ட அந்த மாத்திரை வேண்டாம், கசாயம் குடிங்கன்னு சொன்னீங்களாமா."

"ஆமாம்மா, என் சம்சாரத்துக்கு அதுலதான் கேட்டுச்சு."

"உங்க வீட்டுல கேட்டிருக்கலாமுங்க. இங்க அந்தம்மா மாத்திரைய நிறுத்திட்டா, டாக்டருக்குத் தெரியாமப் போயிருமுங்க. மருந்து பத்தி யாரு கேட்டாலும் சிஸ்டரைக் கூப்பிட்டு விட்டுருங்கய்யா. நாளைக்கு உங்களுக்கு அதே வார்டுதானுங்க."

கடைசி வரி முக்கியம். திருத்தியதால் ஒதுக்கவில்லை என்று அவருக்கு உடனே தெரிய வேண்டும். உறவு முறை வைத்து மாமா, அக்கா என்று கூப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் சிலரை மாமா என்றும் சிலரை சார் என்றும் கூப்பிட்டால் வேறு கணக்கு ஆரம்பித்துவிடும். எல்லோருக்கும் ஒரே முறை வையுங்கள்.

சேர்க்கும் முன் பேட்டி எடுப்பதும் இதோடு சேர்ந்த திறமைதான். "ஏன் வர்றீங்க?" என்று கேட்டால் எல்லோரும் சேவை என்பார்கள். "நீங்க போய்ப் பேசினப்போ ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கிட்டா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்தவர், அதே நோய் வார்டில் சேவை செய்ய வந்தால் மறுக்க வேண்டாம். ஓ.பி.யில் சில மாதம் வைத்திருந்து பிறகு பாருங்கள்.

மொழி பற்றி ஒன்று. திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர்கள், கோவையில் பாலக்காட்டிலிருந்து வரும் மலையாளிகள். மொழி தெரிந்த தன்னார்வலர் தங்கம். அவர் வழி காட்டலாம், டோக்கன் விளக்கலாம். ஒப்புதல் படிவத்துக்கு மட்டும் அவரை மொழிபெயர்க்க விடாதீர்கள். ஒரு சொல் மாறினால் பொறுப்பு அவர் தலையில் விழும்.

7. ஊர்க் காலண்டரை வைத்து ஆள் கணக்குப் போடுங்கள்

அட்டவணை போடக் கணினியில் எக்செல் தெரிந்தால் போதும். காலண்டர் தெரியாவிட்டால்தான் கஷ்டம். தைப்பூசம், பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள், பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதிக்கு)ப் போகிறவர்கள், ஆடி 18, முகூர்த்த நாள்கள், செமஸ்டர் தேர்வு. ஜனவரியிலேயே பன்னிரண்டு மாதத்துக்கும் குறித்துவிடுங்கள்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் கணக்கு. மணி நேரம் நிறைந்ததும் போய்விடுவார்கள். அது துரோகமல்ல. கல்லூரி மாணவர்களை நம்பி வாரநாள் காலையை நிரப்பாதீர்கள், அவ்வளவுதான்.

8. நிர்வாகத்திடம் எந்த எண்ணைக் காட்டுவது

24 பேர், வாரம் 3 மணி நேரம், 4 வாரம் என்றால் மாதம் 288 மணி நேரம். இதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். பிறகு அதைக் கூலியால் பெருக்கி "இவ்வளவு மிச்சம்" என்று ஒரு தொகை போடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தத் தாள் அட்டெண்டர்கள் கைக்குப் போன நாளிலிருந்து உங்கள் தன்னார்வலருக்கு வார்டில் ஒரு ஸ்டூல்கூடக் கிடைக்காது. தங்கள் வேலைக்கு வேட்டு வைக்கிறவர்கள் என்று நினைத்தால் யார் ஒத்துழைப்பார்கள்?

அதற்குப் பதில் இரண்டு எண். சேர்ந்தவர்களில் மூன்று மாதம் கழித்தும் வருபவர் எத்தனை பேர்? உங்கள் நோட்டில் எழுதிய கேள்விகளில், முன்பு அரை மணி நேரம் அலைந்து இப்போது ஐந்து நிமிடத்தில் தீர்வது எது? இரண்டாவதைச் சொல்ல 2-ஆம் படியில் எழுதிய நோட்டு வேண்டும். அப்போது எழுதாதவர்களுக்கு ஒப்பிட எதுவும் இருக்காது.

9. வார்டில் நடக்கும் மரணத்துக்குத் தயாராகுங்கள்

முதல் மரணத்தைப் பார்த்த தன்னார்வலர் அன்று சாயங்காலம் சும்மா வீட்டுக்குப் போகக் கூடாது. பத்து நிமிடம் உட்காரவைத்து டீ கொடுத்துப் பேசவிடுங்கள். "இதெல்லாம் இங்க சகஜங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை என்றால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கும் அதே எண்தான்.

10. பக்கத்து ஊர் ஆட்களோடு சேர்ந்து படியுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று நான்கு ஊர் ஒருங்கிணைப்பாளர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சந்தித்தால் போதும். வருகிறவர் ஒவ்வொருவரும் தான் செய்த ஒரு தவறை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்பதே நுழைவுச்சீட்டு. சாதனை பேச ஆரம்பித்தால் கூட்டம் மூன்றாவது தடவையோடு நின்றுவிடும். நோயாளி பெயர், மருத்துவமனை பெயர் இல்லாமல் பேசுங்கள்.

வலி நிவாரணப் பராமரிப்பில் தன்னார்வலரை நடத்துவது பற்றித் தெரிய வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போங்கள். உள்ளூர் மக்களே நோயாளி வீடுகளுக்குப் போய்வரும் முறையைக் கேரளம் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. கோழிக்கோட்டில் அதற்கென்றே பயிற்சி நிலையம் உண்டு. பேசி, அனுமதி வாங்கி, இரண்டு நாள் கூடவே சுற்றுங்கள்.

11. சான்றிதழ் இப்போது

முதலில் உயிர்காப்புப் பயிற்சி (சி.பி.ஆர்.). மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தப் பொம்மை மேல் பழகாமல் வராது. இந்தப் பயிற்சிக்கு அமெரிக்க இதய சங்கம் தரும் அட்டை 2 ஆண்டுதான் செல்லும், தேதியைக் குறித்து வையுங்கள். மருத்துவமனைக்குள்ளேயே நடத்தினால் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் மருத்துவமனை மேலாண்மை, மனிதவளம் பற்றிய பாடங்கள். படிக்கக் காசில்லை, சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்குக் கட்டணம். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் மட்டும் எடுங்கள். மூன்று எடுத்தவர்கள் ஒன்றையும் முடிக்கவில்லை.

சி.வி.ஏ. என்று தன்னார்வல நிர்வாகத்துக்கான பன்னாட்டுச் சான்றிதழ் ஒன்று உண்டு. மூன்று ஆண்டு முழுநேர அனுபவத்துக்குச் சமமாகக் கேட்பார்கள், தேர்வுக் கட்டணமும் டாலரில். முதல் ஆண்டில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நான்காம் ஆண்டில், பணம் மருத்துவமனை கட்டுவதாக எழுத்தில் சொன்னால், அப்புறம் பார்க்கலாம்.

12. பன்னிரண்டாம் மாதம்: ஒப்படைப்புக் கோப்பு

உங்களுக்கு இடமாற்றம் வந்தாலும் பிரசவ விடுப்பு வந்தாலும் வேலை நிற்கக் கூடாது. ஒரே கோப்பில் இவை: 3-ஆம் படியில் எழுதிய தாள், வார்டுவாரியாக எந்த சிஸ்டரிடம் பேச வேண்டும் என்ற பட்டியல், ஆண்டுக் காலண்டர், தடுப்பூசித் தேதிகள், நிறுத்தப்பட்டவர்கள் பற்றிய காரணக் குறிப்பு. கடைசியில் சொன்னது உறையில் போட்டு ஒட்டியிருக்கட்டும்.

கோப்பை மூடும் முன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடி ஓ.பி. வாசலில் போய் நில்லுங்கள், பழைய நோட்டோடு. "எக்ஸ்ரே எங்கீங்க?" இன்னும் நாற்பது தடவை வந்தால், பெயர்ப்பலகைக்கான கோரிக்கை யார் மேசையில் கிடக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள்.